தான் (மெய்யியலும் உளவியலும்)

தான் என்பது, ஒருவர் தம்மை "நான்" என்று உணர்வதற்கும், காலம் கடந்தும் தாம் அதே ஆள் என்று கொள்வதற்கும் அடிப்படையாக அமைவதைக் குறிக்கும் கருத்துரு ஆகும். தன்னிலை, சுயம், ஆன்மா, உயிர், அகம் ஆகிய சொற்களும் இடத்திற்கு ஏற்ப இப்பொருளில் வழங்குகின்றன. எனினும் இவை அனைத்தும் ஒரே பொருளைத் தருவன அல்ல. மெய்யியல், தான் என்று ஒன்று உண்மையில் உண்டா, உண்டெனில் அதன் இயல்பு யாது என ஆராய்கிறது. உளவியல், தான் என்னும் உணர்வு எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு வளர்கிறது, எந்நிலைகளில் குலைகிறது என ஆராய்கிறது. மானிடவியல், வெவ்வேறு சமூகங்களில் மனிதர் தம்மை எவ்வாறு அடையாளம் காண்கின்றனர் என நோக்குகிறது.

இக்கேள்விகள் தமிழ் நாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருபவை. மணிமேகலை, நீலகேசி, சிவஞானபோதம் முதலிய நூல்களும், 20 ஆம் நூற்றாண்டில் இரமண மகரிசியின் நான் யார்? என்னும் சிறுநூலும் இவ்விவாதத்தின் முக்கிய கட்டங்களாகும். தற்காலத்தில் மறதிநோய், மனநலச் சிகிச்சை, பால் அடையாளம், குற்றப் பொறுப்பு ஆகியவை தொடர்பான சட்டங்களிலும் இக்கருத்துரு நேரடியாக இடம்பெறுகிறது.

சொல்லும் பொருளும்

தமிழ் இலக்கணத்தில் தான் என்பது படர்க்கை ஒருமைப் பெயர் ஆகும். இதன் பன்மை தாம், தாங்கள். வேற்றுமை உருபு ஏற்கும்போது இது "தன்" எனத் திரியும். தன்மானம், தன்னலம், தன்னறிவு, தற்பெருமை, தற்கொலை ஆகிய சொற்கள் இதன் அடியாகப் பிறந்தவை. "தான் வருவதாகச் சொன்னான்" என்னும் தொடரில், பேசியவன் தன்னைப் பற்றியே பேசினான் என்பதை இச்சொல் காட்டுகிறது. இவ்வாறு ஒருவரை வெளியிலிருந்து சுட்டும்போதே அவரது உள்நோக்கையும் சேர்த்துச் சுட்டும் ஆற்றல் இச்சொல்லுக்கு உண்டு.

தன்மை என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள. ஒன்று, ஒரு பொருளின் இயல்பு. மற்றொன்று, தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களுள் பேசுபவரைக் குறிக்கும் இடம். இரண்டும் "தன்" என்னும் ஒரே அடியைக் கொண்டவை. மேலும், கேட்பவரை உள்ளடக்கும் "நாம்" என்பதையும், அவரை விலக்கும் "நாங்கள்" என்பதையும் இன்றைய தமிழ் வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டிற்குத் தனிச் சொற்கள் இல்லை. பேசுபவர் தம்மை எக்கூட்டத்தின் பகுதியாகக் கொள்கிறார் என்பதைத் தமிழில் ஒவ்வொரு முறையும் தெரிவு செய்ய வேண்டியுள்ளது.

அடிப்படைக் கேள்விகள்

தான் பற்றிய விவாதங்களைப் பின்வரும் கேள்விகளாகத் தொகுக்கலாம்.

1. இருப்பு: உடல், புலன், எண்ணம் ஆகியவற்றுக்கு அப்பால் தான் என ஒன்று உண்டா?
2. தொடர்ச்சி: ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயது முதியவரும் ஒரே ஆள் என்பதற்கு எது சான்று? உடலா, நினைவா, வேறொன்றா?
3. ஒருமை: ஒரு மனிதருள் இருப்பது ஒரு தானா, பலவா?
4. எல்லை: தான் தோலுடன் முடிகிறதா? குடும்பம், ஊர், பெயர் ஆகியவையும் அதன் பகுதிகளா?
5. பொறுப்பு: செய்த வினைக்கும் கொடுத்த வாக்கிற்கும் பின்னாளில் யார் பொறுப்பு?

தமிழ் மெய்யியல் மரபில்

மணிமேகலை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை ஒரு பௌத்த காப்பியம் ஆகும். இதன் 27 ஆம் காதையில், மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களுள் பூதவாதி, உணர்வு என்பது பூதங்களின் சேர்க்கையால் தோன்றுவது என்கிறான். பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து புளிக்கும்போது முன்பு இல்லாத வெறி தோன்றுவதை அவன் உவமையாகக் காட்டுகிறான். உணர்வு மூளையின் செயற்பாடு என்னும் இக்காலக் கருத்தின் தொல்வடிவமாக இதனைக் கருதலாம்.

காப்பியத்தின் கதையோட்டத்திலும் தான் பற்றிய சிக்கல்கள் அமைந்துள்ளன. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலை, முற்பிறப்பில் தான் இலக்குமி என்பவளாக இருந்ததையும், தன்னைப் பின்தொடரும் இளவரசன் உதயகுமரன் அப்பிறப்பில் தன் கணவன் இராகுலனாக இருந்ததையும் அறிகிறாள். பின்னர் அவள் காயசண்டிகை என்பவளின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன், உருவத்தைக் கண்டு அவளைத் தன் மனைவி எனக் கருதி, அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். உருவம் ஒன்றாக இருந்தும் ஆள் வேறு என்பதை முன்னறிந்திராததால் ஒரு கொலை நேர்கிறது. உருவம் வேறாக இருந்தும் ஆள் ஒன்று என்பதை முற்பிறப்பு நினைவு காட்டுகிறது.

நிலையான ஆன்மா இல்லை என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கொள்கை. அவ்வாறாயின் மறுபிறப்பு எடுப்பது யார் என்ற கேள்வி எழும். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது, இரண்டாம் சுடர் முதற்சுடரும் அன்று, அதற்குத் தொடர்பற்றதும் அன்று என்பது பௌத்தர் தரும் விளக்கம். மிலிந்தனுக்கும் நாகசேனருக்கும் இடையிலான பாளி உரையாடல் நூலில் இவ்வுவமை காணப்படுகிறது. தேர் என்பது அச்சு, சக்கரம், நுகம் முதலியவற்றின் சேர்க்கைக்கு இட்ட பெயரே என்னும் உவமையும் அந்நூலில் உள்ளது.

சமணம்

பௌத்தத்தின் இக்கொள்கையைச் சமணர் மறுத்தனர். பௌத்த காப்பியமாகிய குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசி, கணந்தோறும் அழிந்து புதிதாகும் உணர்வுத் தொடர் மட்டுமே உண்டு எனில் வினை செய்தவன் ஒருவனும் பயன் துய்ப்பவன் வேறொருவனும் ஆவர் என்னும் சிக்கலை எழுப்புகிறது. சமணர் கொள்கைப்படி உயிர்கள் எண்ணற்றவை. ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. உயிர் தான் எடுத்த உடலின் அளவிற்கு விரிந்தோ சுருங்கியோ நிற்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சமணம் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. சித்தன்னவாசலில் உள்ள ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் துறவியருக்கான கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்துகளும் காணப்படுகின்றன. அருகிலுள்ள அறிவர் கோயில் தாமரைக்குள ஓவியத்தால் புகழ்பெற்றது. உடலை உயிரினின்று வேறாகக் கண்டு பற்றறுக்கும் நோன்பு அங்குத் துறவிகளின் வாழ்க்கை முறையாக இருந்தது.

சைவ சித்தாந்தம்

13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆனது. இதன் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதற்கான காரணங்களை அடுக்குகிறது. அக்காரணங்களின் கருத்து பின்வருமாறு.

- ஒவ்வொன்றையும் ஆராய்ந்து "இது உயிரன்று" என மறுக்கும் அறிவு ஒன்று எஞ்சி நிற்கிறது.
- உடலை ஒருவர் "எனது உடல்" என்கிறார். உடைமையும் உடையவரும் ஒன்றாக இருத்தல் இயலாது.
- கண் காட்சியை மட்டும் அறியும். செவி ஓசையை மட்டும் அறியும். ஐந்தையும் ஒருங்கே அறிவது வேறொன்று.
- கனவில் உடல் கிடந்தவாறே கிடக்க, அறிவு வேறிடத்தில் உலாவுகிறது.
- ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு இயங்கினும் இன்ப துன்ப நுகர்ச்சி இல்லை. எனவே மூச்சும் உயிரன்று.
- உயிர் தானே முற்றறிவு உடையதன்று. அறிவிக்க அறிவது.

இறுதிக் காரணம் குறிப்பிடத்தக்கது. சித்தாந்தத்தின்படி உயிர், தான் சார்ந்ததன் தன்மையை ஏற்கும் இயல்புடையது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களைச் சார்ந்திருக்கையில் அவற்றின் மயமாகவும், இறைவனைச் சார்கையில் அவன் வயமாகவும் நிற்கும். இக்கொள்கையில் உயிர் உண்மையானது, ஆயினும் தனித்து நின்று தன்னை விளக்கிக்கொள்ள இயலாதது.

வேதாந்தம்

ஆதிசங்கரரின் அத்வைதத்தில், "நான் இன்னார்" என்னும் உணர்வு பிழைபட்ட ஏற்றமே எனவும், அறிவாகிய ஆன்மா ஒன்றே உண்மை எனவும் கொள்ளப்படுகிறது. திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர் இதனை மறுத்தார். அவரது விசிட்டாத்வைதத்தின்படி "நான்" என்னும் உணர்வு ஆன்மாவின் இயல்பே. அது வீடுபேற்றிலும் அழிவதில்லை.

அத்வைத மரபைச் சேர்ந்த சதாசிவ பிரம்மேந்திரர் ஆன்ம வித்யா விலாசம் என்னும் வடமொழி நூலை இயற்றியவர். இவர் புதுக்கோட்டையை ஆண்ட விசய இரகுநாதத் தொண்டைமானுக்குத் திருவரங்குளம் காட்டில் மணலில் எழுதி உபதேசம் செய்தார் எனவும், அம்மணல் அரண்மனையில் வைத்து வழிபடப்பட்டது எனவும் புதுக்கோட்டை மரபு கூறுகிறது.

இரமண மகரிசி 1879 இல் திருச்சுழியில் பிறந்தார். 1896 இல், பதினாறு வயதில், மதுரையில் தம் சிறிய தந்தையார் வீட்டில் இருந்தபோது திடீரெனச் சாவச்சம் அவரைப் பற்றியது. அவர் பிணம்போல் படுத்து, உடல் இறந்தால் நானும் இறப்பேனா எனத் தமக்குள் ஆராய்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்த அவர், 1950 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1902 இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுத்தில் அளித்த விடைகளே நான் யார்? என்னும் நூலாக 1923 இல் வெளிவந்தன.

இந்நூலின் முறை, ஆன்மாவை வாதத்தால் நிறுவுவதன்று. எழும் ஒவ்வோர் எண்ணத்தையும் "இது யாருக்கு எழுந்தது" எனத் திருப்பி, "நான்" என்னும் முதல் எண்ணம் எங்கிருந்து எழுகிறது எனக் கவனிப்பதே இதன் பயிற்சி. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங், ஐன்ரிக் சிம்மர் இரமணரைப் பற்றி எழுதி 1944 இல் வெளியான செருமன் நூலுக்கு முன்னுரை எழுதினார். 1937-38 இல் இந்தியா வந்திருந்தும் அவர் இரமணரைச் சந்திக்கச் செல்லவில்லை. யுங்கின் "தான்", நனவும் நனவிலியும் சேர்ந்த முழுமையைக் குறிக்கிறது. எனவே இருவரும் ஒரே சொல்லை ஆண்டாலும் ஒரே பொருளைப் பேசினர் எனக் கொள்ள இயலாது.

மேலை மெய்யியலில்

பிரான்சு மெய்யியலாளர் தேக்கார்ட் 1641 இல் வெளியிட்ட தியானங்கள் என்னும் நூலில், எல்லாவற்றையும் ஐயுற்றாலும் ஐயுறும் தாம் இருப்பதை ஐயுற இயலாது என வாதிட்டார். மறுக்கும் அறிவையே சான்றாக்கும் சிவஞானபோதத்தின் முதற் காரணத்துடன் இது ஒப்புநோக்கத்தக்கது. ஆயினும் தேக்கார்ட் உடலினின்று முற்றிலும் வேறான, தன்னைத் தெளிவாக அறியும் மனத்தை நிறுவினார். மெய்கண்டார் நிறுவியது அறிவிக்க அறியும் உயிரை.

சான் லாக், 1694 இல் வெளியான தமது நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவர் அதே ஆளாகத் தொடர்வதற்கு நினைவோடு கூடிய நனவே அடிப்படை என்றார். ஓர் இளவரசனின் நினைவுகள் ஒரு செருப்புத் தொழிலாளியின் உடலுக்குள் சென்றால், அவ்வாளை இளவரசன் என்றே கொள்ள வேண்டும் என்பது அவர் காட்டு. "ஆள்" என்பது சட்டத்துக்குரிய சொல், பொறுப்புச் சுமத்துவதற்கானது எனவும் அவர் கருதினார்.

தேவிட் இயூம் 1739 இல், தம்முள் நோக்கும்போது வெப்பம், குளிர், விருப்பு, வெறுப்பு போன்ற புலனுணர்வுகளையே காண முடிகிறது, அவற்றை உடைய ஒருவரைக் காண முடியவில்லை என வாதிட்டார். இது பௌத்த நிலைப்பாட்டிற்கு மிக நெருக்கமானது. இம்மானுவேல் காண்ட் 1781 இல், தான் ஒரு காட்சிப் பொருளன்று, காட்சிகள் ஒன்றுபட்டு அனுபவமாவதற்கு முன்தேவையான ஒருமையே என விளக்கினார். 1984 இல் தெரெக் பார்ஃபிட், "அதே ஆள்தானா" என்ற கேள்வி நாம் கருதும் அளவிற்கு முக்கியமானதன்று, நினைவு, நோக்கம், பண்பு ஆகியவற்றின் தொடர்ச்சியே முக்கியமானது என வாதிட்டார். தம் கருத்து பௌத்தத்துடன் ஒத்துப்போவதை அவரே சுட்டியுள்ளார்.

உளவியலில்

அறிபவரும் அறியப்படுபவரும்

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட உளவியல் நூலில், அறியும் "நான்", அறியப்படும் "என்னை" என இரண்டாகப் பகுத்தார். அறியப்படும் தானை உடைமைசார் தான், சமூகத் தான், அகநிலைத் தான் என மூன்றாக்கினார். ஒருவரை அறிந்தவர் எத்தனை பேரோ அத்தனை சமூகத் தான்கள் அவருக்கு உண்டு என்பது அவரது கருத்து. 1902 இல் சார்லசு கூலி, பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் என நாம் கற்பனை செய்வதிலிருந்தே தான் உருவாகிறது என்றார். சார்ச்சு மீட் இதனை மொழியுடனும் விளையாட்டுடனும் இணைத்து விரிவாக்கினார். சிக்மண்ட் பிராய்டு 1923 இல், உளத்தின் பெரும்பகுதி நனவுக்கு எட்டாதது எனவும், அகம் என்பது இயல்பூக்கத்துக்கும் மனச்சான்றுக்கும் புறவுலகுக்கும் இடையில் சமன்செய்யும் ஒரு பகுதி மட்டுமே எனவும் விளக்கினார்.

குழந்தைப் பருவம்

1970 இல் கார்டன் காலப், சிம்பன்சிகளின் நெற்றியில் சாயமிட்டுக் கண்ணாடி முன் விட்டபோது, அவை தம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டார். மனிதக் குழந்தைகள் பொதுவாக 18 முதல் 24 மாதங்களுக்குள் இச்சோதனையில் தேறுகின்றனர். 2006 இல் ஓர் ஆசிய யானையும் இதில் தேறியதாக அறிவிக்கப்பட்டது. தன் உருவத்தை அடையாளம் காண்பது தான் என்னும் உணர்வின் ஒரு கூறு மட்டுமே. தன் பெயர் சொல்லுதல், நாணுதல், நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்லுதல் ஆகியவை படிப்படியாக வருகின்றன.

நினைவும் தானும்

அமெரிக்கரான என்றி மொலைசன் 1953 இல் வலிப்புக்காகச் செய்த மூளை அறுவைக்குப் பின் புதிய நிகழ்வுகளை நினைவில் கொள்ளும் ஆற்றலை இழந்தார். 2008 இல் இறக்கும்வரை அவர் பேச்சிலும் பண்பிலும் நகைச்சுவையிலும் ஓர் அடையாளமான மனிதராகவே விளங்கினார். நினைவே தான் என்னும் லாக்கின் கருத்தை அப்படியே ஏற்க இயலாது என்பதற்கு இது காட்டாகும்.

உடலும் மூளையும்

தமிழ்நாட்டில் 1951 இல் பிறந்து, சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எசு. இராமச்சந்திரன், வெட்டி நீக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் உணர்பவர்களை ஆராய்ந்தார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியுமாறு செய்தபோது சிலருக்கு அவ்வலி குறைந்தது. 1998 இல் வெளியான மற்றோர் ஆய்வில், மறைத்துவைத்த தம் கையையும் எதிரிலிருந்த இரப்பர் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடியபோது, பங்கேற்றவர்கள் இரப்பர் கையைத் தம் கையாகவே உணர்ந்தனர். "எனது உடல்" என்னும் உணர்வு மூளை ஒவ்வொரு கணமும் கட்டமைப்பது என இவை காட்டுகின்றன.

தன்னிழப்புக் கோளாறு உடையவர்கள், தம்மைத் தாமே வெளியிலிருந்து பார்ப்பது போலவும், தம் எண்ணங்களும் உடலும் தமக்கு உரியன அல்ல என்பது போலவும் உணர்வர். அவ்வாறு தோன்றுவது உணர்வு மட்டுமே என்பதை அவர்கள் அறிந்திருப்பர். இந்நிலை கடும் துன்பம் தருவது. பற்றறுத்த நிலையாகச் சமய நூல்கள் போற்றும் அனுபவத்திலிருந்து இது வேறானது எனவும், இதற்கு மருத்துவ உதவி தேவை எனவும் உளமருத்துவர்கள் கருதுகின்றனர்.

சமூகமும் தானும்: தமிழகக் கள ஆய்வுகள்

ஊர்

தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் உள்ள கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களில், புதிதாகச் சந்திக்கும் ஒருவரிடம் பெயருக்கு முன்பே ஊர் கேட்கப்படுவது வழக்கம். அதனைத் தொடர்ந்து தெரு, இன்னார் மகன் அல்லது மகள், இன்ன வகையறா என்ற விவரங்கள் வருகின்றன. இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குப் பட்டப்பெயர்களும் உண்டு. வேலைக்காகச் சென்னைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ சென்றவர்களும் குழந்தைக்கு முடியெடுக்கவும் காது குத்தவும் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்புகின்றனர்.

இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் இ. வாலன்டைன் டேனியல், திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கள ஆய்வு செய்து, தமிழர் ஆளுமை பற்றிய நூலை 1984 இல் வெளியிட்டார். நூலில் அவ்வூருக்குக் களப்பூர் எனப் புனைபெயர் இட்டுள்ளார். ஊரின் மண், நீர், உணவு ஆகியவற்றின் குணம் அங்கு வாழ்பவர் உடலிலும் குணத்திலும் கலக்கிறது என மக்கள் கருதுவதை அவர் விளக்கினார். இந்நோக்கில் மனிதர் மூடிய எல்லையுடைய தனிப்பொருள் அல்லர்; கொள்வதும் கொடுப்பதுமாகிய ஓட்டத்தில் உருவாகுபவர். உயிர் சார்ந்ததன் தன்மையை ஏற்கும் என்னும் சித்தாந்தக் கருத்துடன் இது ஒப்புமை உடையது.

மரியாதை

வரலாற்றாய்வாளர் நிக்கலசு டர்க்சு, புதுக்கோட்டை சமத்தானம் பற்றி 1987 இல் வெளியிட்ட நூலில், அரசர் அளித்த இனாம் நிலங்கள், பட்டங்கள், கோயில் மரியாதைகள் ஆகியவையே இங்குக் குடிகளின் தகுதியையும் அடையாளத்தையும் அமைத்தன எனக் காட்டினார். பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்பது குறித்து எழும் வழக்குகளை வெறும் பெருமைச் சண்டையாக மட்டும் கருத இயலாது. ஒரு குழு, தான் யார் என்பதை ஊரார் முன் ஏற்கச் செய்யும் இடம் அது. ஏற்பு மறுக்கப்பட்ட குழுவினருக்கு அதே முறை இழிவாக அமைந்தது.

இவ்விழிவை எதிர்த்துப் பெரியார் ஈ. வெ. இராமசாமி 1925 இல் தொடங்கிய இயக்கம் சுயமரியாதை இயக்கம் எனப் பெயர் பெற்றது. 1929 இல் செங்கல்பட்டில் நடைபெற்ற இயக்கத்தின் மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டத்தை விடுமாறு தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இடுகின்றனர்.

தனியாள் பற்றிய விவாதம்

தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளரிடையே கள ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன், இந்தியச் சமூகத்தில் தனியாள் என்பவர் உலகைத் துறந்த துறவி மட்டுமே, சமூகத்துக்குள் இருப்பவர் சாதியின் உறுப்பினரே என வாதிட்டார். சென்னை சியார்ச்சு டவுனில் ஆய்வு செய்த மாட்டிசன் மைன்சு 1994 இல் இதனை மறுத்தார். தமிழர் தம் வாழ்க்கைக் கதையைக் கூறும்போது, தனி விருப்பம், தனிப் பொறுப்பு, தலைமையால் பெறும் தனிப் பெயர் ஆகியவை தெளிவாக வெளிப்படுகின்றன என்பது அவர் முடிவு. 1991 இல் ஏசல் மார்க்கசு, சினோபு கித்தயாமா ஆகியோர் முன்வைத்த சார்புத் தான், தனித்த தான் என்னும் உளவியல் பகுப்பும் இத்தகைய மறுப்பைச் சந்தித்துள்ளது. ஒரே மனிதர் உறவினர் நடுவே ஒருவாறும் அலுவலகத்தில் வேறொருவாறும் தம்மை உணர்வது இயல்பு.

நடைமுறையில்

மறதிநோய்

2023 இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. மகளின் பெயரை மறந்த தாய் அதே தாய்தானா என்னும் கேள்வியை இக்குடும்பங்கள் நாள்தோறும் எதிர்கொள்கின்றன. இசுடீவன் சபாட், ரோம் ஆரே ஆகியோர் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றிய நிலையிலும் பலர் "நான்", "எனது" என்னும் சொற்களைச் சரியாக ஆள்வதைக் காட்டினர். அவர்கள் இழப்பது பெரும்பாலும் சமூகத் தானையே எனவும், அதற்கு நோயுடன், சுற்றியுள்ளோர் அவரை நோயாளியாக மட்டும் நடத்துவதும் காரணம் எனவும் வாதிட்டனர். ஆசிரியராக இருந்தவர் ஆசிரியராக விளங்க, அவரை அவ்வாறு கருதும் பிறர் தேவை. இக்கருத்தின்படி, முறைப்பெயர் சொல்லி அழைத்தல், பழகிய வேலையில் ஈடுபடுத்தல் ஆகியவை பரிவு என்பதற்கு மேலாக, அவரது தானைத் தாங்கும் செயல்களும் ஆகும்.

முன்கூட்டிய விருப்பம்

இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மே 2018 இல் நடைமுறைக்கு வந்தது. முடிவெடுக்கும் திறனை இழந்தால் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க இது இடமளிக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மீள இயலாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. இன்றைய தான் நாளைய தானைக் கட்டுப்படுத்தலாமா என்பது இங்கு எழும் மெய்யியல் சிக்கல். ரொனால்டு தொவோர்க்கின், வாழ்க்கை முழுவதையும் நோக்கி எழுதிய விருப்பமே மேலானது என்றார். இரெபெக்கா திரெசர், எழுதியதை மறந்துவிட்டு இப்போது சிறு இன்பங்களுடன் வாழும் நோயாளியின் நலனைப் புறக்கணிக்க இயலாது என எதிர்வாதம் செய்தார்.

குற்றப் பொறுப்பு

2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 22 ஆம் பிரிவு, மனநலக் குறைவால் தம் செயலின் இயல்பையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவிலும் இவ்விதி இருந்தது. ஆயினும் செயலைச் செய்தபின் அதனை மறந்துவிட்டமை மட்டும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. இவ்வகையில் சட்டம் லாக்கின் நினைவுக் கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை.

பால் அடையாளம்

தமிழ்நாடு அரசு 2008 இல் திருநங்கையருக்கான நலவாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரது பால் அடையாளத்தை அவரே உணர்ந்து கூறுவதற்கு உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. தான் யார் என்பதில் உள்ளுணர்வுக்கும் உடலுக்கும் சமூக ஏற்புக்கும் இடையில் எது முதன்மையானது என்னும் கேள்விக்கு ஒரு நீதிமன்றம் நேரடியாக விடையளித்த நிகழ்வாக இது கருதப்படுகிறது.

ஒப்பீடு

மேற்கூறியவற்றை மூன்று நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். முதலாவது, தான் உண்மையான உள்பொருள் என்பது. சமணம், சைவ சித்தாந்தம், விசிட்டாத்வைதம், தேக்கார்ட் ஆகியோர் தம்முள் வேறுபட்டாலும் இவ்வணியில் அடங்குவர். இரண்டாவது, தான் என்பது மாறும் நிகழ்வுகளின் தொடருக்கு இட்ட பெயர் என்பது. பௌத்தமும், இயூம், பார்ஃபிட் ஆகியோரும் இவ்வணியினர். மூன்றாவது, தான் என்பது உறவுகளாலும் மொழியாலும் கட்டமைக்கப்படுவது என்பது. மீட், டேனியல், சபாட் ஆகியோரின் ஆய்வுகள் இதனைச் சாரும். அத்வைதம் இம்மூன்றிலும் எளிதில் அடங்காது. அது தனித்த "நான்" என்பதைப் பௌத்தம் போன்று மறுத்து, ஆன்மாவை ஏனைய சமயங்கள் போன்று நிறுவுகிறது.

மூளை ஆய்வுகளால் முதல் நிலைப்பாடு பொய்யாயிற்று என்போரும் உளர். இரப்பர் கை, கண்ணாடிப் பெட்டி போன்ற சோதனைகள் "எனது" என்னும் உணர்வு எவ்வாறு உண்டாகிறது என்பதை விளக்குகின்றன. அவ்வுணர்வு யாருக்குத் தோன்றுகிறது என்னும் கேள்வியை அவை தீர்த்துவிட்டனவா என்பதில் மெய்யியலாளரிடையே உடன்பாடு இல்லை. மறுபுறம், தான் ஒரு கட்டமைப்பே என்பவர்களும் வாக்கு, கடன், தண்டனை, மன்னிப்பு ஆகியவற்றுக்கு உரிய ஓர் ஆளை ஏற்றே வாழ வேண்டியுள்ளது. நீலகேசி பௌத்தரிடம் எழுப்பிய கேள்வி, முன்விருப்ப ஆவணங்கள் பற்றிய இன்றைய வழக்காடலில் வேறு வடிவில் தொடர்கிறது.